இருநூறு வரைக்கும் தெளிவு

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். யாரோ விற்கிற பழைய ஜூம் லென்ஸ், எழுபது முதல் முந்நூறு மில்லிமீட்டர் வரை. 'அண்ணா, பறவைங்கள எடுக்கணும்னு ஆசை. விலை கம்மியா இருக்கு. இதுல படம் எப்படி வரும்?' என்று கீழே கேட்டிருந்தாள். இப்படி யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். 'இருநூறு வரைக்கும் தெளிவா இருக்கும்மா, அதுக்கு மேல மங்கும்' என்று அடித்துவிட்டு, அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன். இந்த வாக்கியத்தின் பின்பாதியை நான் ஒருமுறை ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். முன்பாதியைச் சொல்லவில்லை. வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளும்படி அவளுக்கு எழுதிவிட்டு, பரணில் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன்.

மூடியைத் திறந்ததும் பழைய அரிசி வாசனை. லென்ஸுக்கு ஈரம் ஆகாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, டின்னில் அரிசியைக் கொட்டி நடுவில் லென்ஸைப் புதைத்து வைத்த மேதை நான். அதுவும் ரேஷன் அரிசி போட்டால் வண்டு வரும் என்று நல்ல பொன்னி அரிசி. "லென்ஸுக்குக் கொழம்பு வேணாமாடா?" என்று அம்மா கேட்டாள். வண்டு பொன்னியிலும் வந்தது.

அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு வார்ப்பு ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் பயிற்சியில் இருந்தேன். காலையில் மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடும். நடுவில் நாள் முழுக்க, ஆறிய இரும்பு வார்ப்புகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று முடிவு சொல்வேன். ஏற்கலாம், நிராகரிக்கலாம் என்று இரண்டு முத்திரைகள். இருபத்திரண்டு வயதில் அப்படி இரண்டு முத்திரைகள் கையில் கிடைத்தால் மனிதன் கொஞ்சம் கெட்டுத்தான் போவான்.

வார்ப்பில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டி உதிர்க்கும் பகுதியில் அருள்தாஸ் ஒப்பந்தத் தொழிலாளி. என் வயதுதான். ஆலைக்கு இரண்டு மைலில் அவன் ஊர். அவன் அப்பா தலைமுறையில் அடுத்தவர் கழனியில் கூலி வேலை. என் அப்பாவுக்குத் திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் அப்படிப்பட்ட கழனி இருந்தது. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசாததாலேயே அது எங்களுக்கு நடுவில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணங்களுக்கு விளக்குப் பிடிக்கப் போன ஸ்டுடியோவில் அவனுக்கு ஒரு பழைய டிஜிட்டல் கேமரா கிடைத்திருந்தது. கேன்டீனில் அதன் சின்னத் திரையைக் காட்டி, "இதோ, இந்தப் புள்ளி கீது பாரு, அதான் மீன்கொத்தி" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கோ வாசித்து வாசித்து லென்ஸ் பைத்தியம். கேமரா வாங்க வக்கில்லாமல் லென்ஸை மட்டும் முதலில் வாங்கி வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், குதிரைக்கு முன்னால் லாடம் வாங்குகிறவர்களும் உலகத்தில் உண்டு. இரண்டு அரைகுறைகள் சேர்ந்து ஒன்று முழுசாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவரம் ஏரிக்குப் போனோம். பறவைகளுக்கு முன்னால் லென்ஸைச் சோதிக்க வேண்டும் என்று நான் ஒரே பிடிவாதம். இடிந்த சுவர் ஒன்றில் செய்தித்தாளின் மணமகள் தேவை பக்கத்தை ஒட்டி, செங்கல் அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்து, எழுபதில் ஒன்று, நூறில் ஒன்று, இருநூறில் ஒன்று, முந்நூறில் ஒன்று என்று எடுத்தேன். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன்.

"இன்னா நைனா, கொக்கு எடுக்கலாம்னு இட்டாந்துட்டு இங்க குந்திக்கினு பொண்ணு தேடிக்கினு கீற?" என்றான்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். இருநூறு வரைக்கும் 'நற்குணமுள்ள' என்று பொடி எழுத்துகூட வாசிக்க முடிந்தது. முந்நூறுக்குப் போனதும் எல்லாம் ஆவிக்குப் பின்னால் நிற்பதுபோல் ஆகிவிட்டது.

"முந்நூறுல குணம் போச்சு நைனா."

பிறகு கொக்கை எடுத்தோம். வெள்ளை இறகின் விளிம்பு நெடுக ஊதா நிறத்தில் ஒரு கோடு. மலிவு லென்ஸின் வியாதி அது. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் இப்படிச் சாயம் இறங்கும். "கொக்குக்கு ஊதா பார்டர் வெச்ச பொடவ கட்டி உட்டுட்டான்" என்று அருள்தாஸ் குலுங்கிச் சிரித்தான். நான் சிரிக்காமல் நோட்டில் எழுதினேன்: 'இருநூறு வரை ஏற்கலாம். முந்நூறு நிராகரிப்பு.'

அதற்குப்பின் லென்ஸ் அவனிடமே இருந்தது. பறவைகள் அவன் ஊர் ஏரியில்தானே இருந்தன. என்னைவிட அவனுக்கு அதன் குணம் பிடிபட்டது. இருநூறைத் தாண்டாமல் எடுத்து, பிறகு வேண்டிய இடத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவான். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், சித்திரையில் ஏரி வற்றும்போது சேற்றில் இறங்கி ஊரே மீன் பிடிப்பது, இடுப்பளவு சேற்றில் அவன் அம்மா ஒரு விராலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நிற்பது. நல்ல படங்கள். அவனிடம் அதைச் சொன்னேனா என்று நினைவில்லை. 'ஃபோகஸ் கொஞ்சம் பின்னாடி போயிருக்கு' என்று சொன்னது நினைவிருக்கிறது.

ஒருநாள் காலை ஷிப்டுக்கு வரும்போது கேமராவைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னை இழுத்து நிறுத்திக் காட்டினான். விடிந்தும் விடியாத பனியில், அவன் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் ஓரம் ஒரு டேங்கர் லாரி. பின்னாலிருந்து குழாய் இறங்கிக் கால்வாய்க்குள் போகிறது.

"நம்ம லாரி நைனா."

முதலில் எடுத்தவை இருநூறில். டேங்கின் பின்பக்கம் சதுரமாக ஓர் ஒட்டு வெல்டிங், அதன்மேல் சிவப்பு பிரைமர் பூச்சு. என் மேசை ஜன்னலுக்கு எதிரேதான், ஆலைக் கழிவு ஏற்றும் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடை. அந்தச் சிவப்புச் சதுரம் தினம் இரண்டு முறை என் எதிரே வந்து நிற்கும். அடுத்த படங்கள் முந்நூறில்.

"நம்பரு வோணும்னு முழுசா இழுத்துட்டேன். கை வேற ஆடுச்சு" என்றான்.

நம்பர் பிளேட்டைச் சுற்றி ஊதா. கடைசி எண் மூன்றா, எட்டா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஏரியில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஊர்க்காரர்கள் அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். படம் எடுத்தவன் என்பதால் முதல் கையெழுத்து அருள்தாஸுடையது. விசாரணைக்கு நாள் குறித்ததும் எங்கள் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அன்பாகத்தான் பேசினார்.

"உங்களுக்கு கேமரா பத்தி நல்லாத் தெரியுமாமே. கூட வந்து டெக்னிக்கலா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. பொய் எதுவும் சொல்ல வேணாம்."

அந்த மாதத்தோடு என் பயிற்சிக் காலம் முடிகிறது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

விசாரணை அறையில் ஒரு பக்கம் அருள்தாஸ், அவன் அம்மா, ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். இன்னொரு பக்கம் மேனேஜர், நான். அதிகாரி முந்நூறில் எடுத்த படத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"கடைசி நம்பர் மூணா, எட்டா?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இந்த லென்ஸ் முந்நூறுல மங்கும் சார். ஓரத்துல கலர் வேற பிரியும். உறுதியாச் சொல்ல முடியாது."

சொல்லும்போது ஒரு நிபுணனின் சுகம்கூட எனக்கு இருந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதி என்ன பயன்?

அருள்தாஸ் பதறவில்லை. "சார், அடியில இன்னொரு படம் கீது பாருங்க. டாங்குல ஒட்டுப் போட்டது நல்லாத் தெரியுது. அது எந்த லாரின்னு இவருக்கே தெரியும்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தான்.

அதிகாரி இரண்டாவது படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதுல?"

சிவப்புச் சதுரம் தெளிவாக இருந்தது. அதன் வெல்டிங் விளிம்புகூடத் தெரிந்தது.

"இதுவும் அதே லென்ஸ்தான் சார்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதிகாரி இரண்டு படங்களையும் கோப்பில் சொருகினார். வெளியே வரும்போது அவன் அம்மா என்னைப் பார்த்து, "சாப்டியாப்பா?" என்று கேட்டாள். நான் பேசியதில் என்ன நடந்தது என்று அவளுக்கு இன்னும் புரிந்திருக்கவில்லை.

மனு தள்ளுபடியானது. அடுத்த வாரம், இனி வேலைக்கு வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் அருள்தாஸிடம் சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசியில் எனக்குப் பணி உறுதி ஆணை வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பல வருஷம் எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்தபோது அவன் ஏறி வந்தான். லென்ஸைத் தனியாகக் கழற்றி என் டின்னிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தான். அரிசியைக்கூட மாற்றியிருந்தான்.

"நான் உண்மையத்தான சொன்னேன்" என்றேன். அவன் கேட்காமலே சொன்னேன்.

"உண்மைதான், யாரு இல்லன்னா? லாரி எதுன்னு கேட்டாங்க, நீ லென்ஸுக்கு மார்க் போட்டுக் குடுத்த."

டின்னை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி, சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எல்லோரும் அந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிறவர்கள்தானே.

அந்த ஆலையில் இன்னும் நாலு வருஷம் இருந்தேன். டின்னைத் திறக்கவே இல்லை. போன வாரம் திறந்து பார்த்தபோது கண்ணாடிக்குள் பூஞ்சை கிளைவிட்டுப் படர்ந்திருந்தது. அருள்தாஸ் ஆந்திராப் பக்கம் ஏதோ கம்பெனியில் இருப்பதாக ஒருவர் சொன்னார். இல்லை, மனைவியோடு ஒசூர் போய்விட்டான் என்றார் இன்னொருவர். தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடித்து என்ன சொல்வது?

இருந்தும், இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். நல்ல சித்திரை வெயில். அவர்கள் வீடு இருந்த இடத்தில் வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு வாடகை அறைகள் வரிசையாக நின்றன. பெட்டிக்கடையில் இருந்த அம்மா, "அவங்க அம்மா செத்துப் போச்சு. அவுரு ஊட்ட வித்துட்டுப் போய்ட்டாரு" என்றாள். நான் யார் என்று கேட்டாள். கூட வேலை பார்த்தவன் என்றேன்.

கரையில் ஏறி நின்றேன். இந்த மாதத்தில் வெடித்துக் கிடக்க வேண்டிய ஏரி, கரை தளும்ப நிறைந்திருந்தது. பழைய கால்வாய்க்குச் சிமென்ட் மூடி போட்டிருந்தார்கள். அதன் வாயிலிருந்து தண்ணீர் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பறவை இல்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம், இங்கே இப்போதெல்லாம் மீன் பிடிக்க யாரும் இறங்குவதில்லையா என்று கேட்டேன்.

"இதுலயா? காலு வெச்சாலே அரிப்பு எடுக்கும் சார். மாட்டக்கூட எறக்க மாட்டோம்" என்றாள். "முன்ன வெய்யக்காலத்துல வத்துமாம். நாங்க வந்ததுலேர்ந்து வத்தி ஒரு தபா பாத்ததில்ல."