டெல்ஃபாவின் வண்டிக் கதவில் எழுதியிருந்தது

டெல்ஃபா லப்ரியர் மிசூரிக் கரையில் நின்று ஒரு சத்தம் போட்டால், இல்லினாய்க் கரையில் மேயும் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று ஊரில் சொல்வார்கள். கார்களையும் டிராக்டர்களையும் ஏற்றிக்கொண்டு மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் தட்டைப் படகில் அவளுக்கு வேலை. கயிறு கட்டுவாள், சக்கரங்களுக்குக் கட்டை வைப்பாள், வரிசையில் முண்டுகிறவர்களைத் திட்டுவாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"தினம் எத்தன ஆம்பளைங்கள இந்தக் கரையில ஏத்தி அந்தக் கரையில எறக்கி விடறேன்! ஒருத்தனையாவது வச்சுக்கலாம்னு தோணலியே!"

ஆகஸ்ட் மாதம் ஊர்த் திருவிழாவுக்கு முந்தின நாள், வெளிர்நீலக் கார் ஒன்று படகில் ஏறியது. ஓட்டி வந்தவர் ஆர்டன் கெஸ்லர். பியோரியா நகரத்துப் பள்ளியில் முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் குடியேறி இருநூறு வருஷத்துக்கு மேலான, மிசூரிக் கரையிலுள்ள செயின்ட் ஜெனிவீவ் ஊரை ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். டெல்ஃபாவின் சட்டையில் தைத்திருந்த பெயரைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"போன்ஜூர், மதாம் லா ப்ரூயேர்ர்!"

டெல்ஃபா கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

"தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கிச்சா? தண்ணி வேணுமா?"

"இல்லம்மா, பிரெஞ்சுல வணக்கம் சொல்லி உங்க பேரத்தான் சொன்னேன்."

"எம் பேரு லப்ரியர். எங்க ஆளுங்க அத்தன பேரும் அந்தப் பேரோடதான் கல்லறையில படுத்திருக்காங்க. ஒருத்தரும் எழுந்து வந்து தப்புன்னு சொல்லல."

படகோட்டி பக் என்பவர் சிரித்த சிரிப்பில் படகே ஒருமுறை ஆடியது.

மிசூரிக் கரை வந்ததும் ஆர்டனின் கார் கிளம்ப மறுத்தது. முன்வரிசையில் அதுதான் நின்றது. பின்னால் பன்றி ஏற்றிய லாரி, அதற்கும் பின்னால் திருவிழாவுக்கு வந்த குடும்பங்கள். பன்றிகள் ஒரு பக்கம் கத்தின, குழந்தைகள் மறுபக்கம். டெல்ஃபா காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க! சோறு திங்கறவங்கதான எல்லாரும்?" என்று அதட்ட, எல்லோரும் தள்ளினார்கள். கார் கரையேறிவிட்டது. ஆர்டன்தான் சரிவின் ஓரத்தில் கால் வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். தொப்பி ஆற்றோடு போயிற்று.

டெல்ஃபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே அவரும் சிரித்தார். அவள் கேலி செய்த ஆண்கள் முறைத்திருக்கிறார்கள், முகத்தைத் திருப்பியிருக்கிறார்கள். கூடச் சேர்ந்து சிரித்தவர் இவர் ஒருவர்தான். அது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

காருக்கான உதிரிபாகம் திங்கட்கிழமைதான் வரும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். திருவிழா நேரம்; ஊரில் ஓர் அறை காலி இல்லை. டெல்ஃபா அவரைத் தன் அக்கா ஒலீட்டா வீட்டில் தங்கவைக்கக் கூட்டிப் போனாள். அவளுடைய பழைய பச்சை வண்டியின் கதவில் வெள்ளை பெயின்டில் கொட்டை எழுத்தில், பிரெஞ்சில், 'மா ப்தித் க்ரோத்' என்று எழுதியிருந்தது. ஆர்டன் அதைப் படித்தார். காது வரை சிவந்துபோனார். சட்டென்று ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள், பிரெஞ்சு பேச ஓர் ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார். மரங்களை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டிய பழைய வீடுகளின் வாசல்களில் நின்று போன்ஜூர் சொன்னார். எல்லோரும் அன்பாக இன்னொருவர் வீட்டைக் காட்டினார்கள். கடைசியில் அகப்பட்ட தொண்ணூறு வயதுக் கிழவருக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் கெட்ட வார்த்தைகள்தான்.

மாலையில் திருவிழாக் கூட்டத்தில் டெல்ஃபாவிடம் ஆர்டன் துள்ளிக்கொண்டு சொன்னார்: "முப்பது வருஷம் பாடம் நடத்துனேன், அந்தக் கிழவர் சொன்னதுல பாதி வார்த்த எனக்கே தெரியாது!"

"அப்படியா வாத்தியாரே? அப்ப எங்கப்பா வார்த்தையச் சொல்லுங்க. என் வண்டியில எழுதியிருக்கேனே. சாகற வரைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிட்டாரு. 'என் குட்டி ராணி'ன்னுதான அர்த்தம்?"

ஆர்டன் கையிலிருந்த சாசேஜையே பார்த்தார்.

"ரொம்பப் பாசமான வார்த்தைங்க."

"பாசம் இருக்கட்டும். அர்த்தம்?"

"பிரான்சுல கூட அம்மாமாருங்க கொஞ்சறப்போ…"

"வாத்தியாரே! மறுபடியும் ஆத்துல தள்ளி விட்டுருவேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "என் குட்டி ஆட்டுப்புழுக்கை."

பக்கத்தில் நின்றிருந்த ஒலீட்டா எலுமிச்சைச் சாற்றைப் புரையேறித் துப்பினாள். டெல்ஃபா அசையவில்லை. பதினோரு வருஷமாக அந்த வண்டியில் மாதா கோயிலுக்குப் போயிருக்கிறாள். சவ ஊர்வலத்தில் போயிருக்கிறாள். பிஷப்பையே ஒருமுறை ஏற்றிப் போயிருக்கிறாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. ஆர்டன் பதறிப்போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, நான் சொல்லியிருக்கக் கூடாது…"

"அவருக்குத் தெரியும்!" அவள் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். "எங்கப்பனுக்கு நல்லாத் தெரியும்! கூப்பிட்டுட்டு மீசைக்குள்ள சிரிப்பாரே, அதுக்குத்தானா! அக்கா, கேட்டியா? உன்னை வெறும் ஒலீட்டான்னுதான கூப்பிட்டாரு? எனக்குத்தான் புழுக்கைப் பட்டம்!"

"நீயே வச்சுக்கடி," என்றாள் ஒலீட்டா.

எழுத்தை அழித்துவிடலாமே என்று ஊரில் சிலர் சொன்னார்கள். டெல்ஃபா புது பெயின்ட் வாங்கி, இன்னும் பெரிதாக எழுதினாள்.

திங்கட்கிழமை கார் சரியாகிவிட்டது. ஆர்டன் ஊருக்குப் போனார். அடுத்த சனிக்கிழமை, ஊரைச் சரியாகப் பார்க்கவில்லை என்று திரும்பி வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். அத்தனை தடவை பார்க்கிற அளவுக்கு அந்த ஊர் பெரிதல்ல. அக்டோபரில் ஒருநாள், அவருடைய சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டே டெல்ஃபா கேட்டாள்:

"எத்தன தடவதான் காசு குடுத்து ஆத்தத் தாண்டுவீங்க? இங்கயே இருந்துட்டா என்ன?"

"இத நான் கேக்கணும்னு ஒரு மாசமா ஒத்திகை பாக்கறேன்."

"பிரெஞ்சுல பாத்திருப்பீங்க. அதான் வெளிய வரல."

கல்யாணம் படகிலேயே நடந்தது. சனிக்கிழமை வேலைக்கு லீவு போட மாட்டேன் என்று டெல்ஃபா அடம்பிடித்துவிட்டாள். நடத்திவைத்த நீதிபதிக்கு ஒரே கவலை. கல்யாண உரிமம் மிசூரி மாநிலத்துடையது. ஆற்றின் பாதியைத் தாண்டிவிட்டால் இல்லினாய், அங்கே செல்லாது. பாதியை நெருங்கும்போது வேகமான காற்று. ஆர்டன் உறுதிமொழியை நிதானமாக, உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருக்க, படகு இல்லினாய்ப் பக்கமாக நழுவிக்கொண்டே போனது.

"பக்! பின்னால எடு!" என்று நீதிபதி கத்தினார்.

"எடுத்துக்கிட்டுத்தான்யா இருக்கேன்! மாப்பிள்ளைய சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க!"

"நான் சம்மதிக்கறேன், அவரும் சம்மதிக்கறாரு, போதும்!" என்று முடித்துவைத்தாள் டெல்ஃபா. பாதியைத் தாண்டுவதற்குள் நீதிபதி இருவரையும் கணவன் மனைவி என்று அறிவித்தார்.

எதிர்க்கரையில் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தன. டெல்ஃபா கல்யாண கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாவி இறங்கிக் கயிற்றைக் கட்டினாள். முதல் லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினார். ஒலீட்டா ஓடிப்போய், ஜன்னல் வழியாக அவர் கையில் ஒரு பெரிய துண்டு கேக்கைத் திணித்தாள். ஹாரன் நின்றது.