மருதாள் அனுப்பிய மண்

சேவூருக்கு மேற்கே நாலு ஏக்கர் செம்மண் காட்டைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் மருதாள். புருஷன் கன்னையனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை கழிவுத் துணி ஒரு மூட்டையோடு வருவான், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போய்விடுவான். காட்டு விஷயத்தில் அவன் வாய் திறப்பதில்லை. ஒரே ஒரு தடவை, சோளத்துக்குக் களை வெட்டியது போதுமா என்று கேட்டுவிட்டான். மருதாள் களைக்கொத்தை அவன் கையில் கொடுத்து, "நீங்களே போய்ப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். மத்தியானம்வரை அவனைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. இதையெல்லாம் செய்யும்போது அவள் முகத்தில் சிரிப்பின் சாயலே இருக்காது.

அறுபத்தாறாம் வருஷம் சித்திரையில் விவசாய இலாகாவின் கிராம சேவக் கிட்டுசாமி சைக்கிளில் வந்தான். மாசக் கடைசிக்குள் ஐம்பது காட்டு மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், துணிப்பை தைத்துத் தர முடியுமா என்று கேட்டான். மருதாள் பனியன் துணியிலேயே ஐம்பது பை தைத்துக் கொடுத்தாள். ரெண்டு நாள் கழித்து அவினாசிச் சந்தைக்குப் போகிற வழியில், ரோட்டோரப் புளியமரத்தடியில் அவனைப் பார்த்தாள். யாரோ கிணறு வெட்டிக் கொட்டியிருந்த மண்மேட்டின் மேல் உட்கார்ந்து, பைகளை வரிசையாக நிரப்பிக்கொண்டிருந்தான். பார்த்தும் பார்க்காதவள்போல நடந்துவிட்டாள்.

ஆடியில் ஊருக்கெல்லாம் சீட்டு வந்தது. எந்தக் காட்டுக்கு எந்தச் சத்துக் குறைவு, என்ன உரம் எவ்வளவு போடவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மருதாளின் செம்மண்ணுக்கும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஈஸ்வரமூர்த்தியின் கரிசல் மண்ணுக்கும் ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை. ஈஸ்வரமூர்த்தி அவளுக்கு மாமன் முறை. தன் கரிசலைப் போல மண் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று நம்புகிறவர். அவர் சீட்டைப் படிக்கவே இல்லை.

தையில் கிட்டுசாமி மறுபடியும் பை கேட்டு வந்தான்.

"தெச்சுத் தர்றேன் தம்பி. என்ற பைய மட்டும் நானே ரொப்பிக்கறனுங்க" என்றாள் மருதாள். அவனுக்கும் வேலை மிச்சம்.

வீட்டை ஒட்டியிருந்த ஆட்டுப்பட்டிக்குள் போய், பத்து வருஷமாகச் செம்மறிகள் மிதித்துக் கெட்டித்துப்போன தரையைச் சுரண்டினாள். அடுப்புச் சாம்பல் ரெண்டு கை சேர்த்தாள். இடித்துச் சலித்துப் பையில் கட்டி, தன் பேரை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த மாதம் வாசலில் ஜீப் வந்து நின்றது. மண் பரிசோதனை அதிகாரியே நேரில் வந்திருந்தார். பின் சீட்டில் கிட்டுசாமி.

"தழைச்சத்தும் சாம்பல் சத்தும் இந்த அளவுக்கு இருக்கற மண்ண நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பாத்ததில்லம்மா. அந்தக் காட்டைக் காட்டுங்க. என்ன பயிர் வெக்கறீங்க?"

"பயிரெல்லாம் இல்லீங்க. இருவத்திரண்டு செம்மறி" என்று சொல்லி மருதாள் பட்டிப் படலைத் திறந்தாள்.

செம்மறிகள் அதிகாரியைப் பார்த்தன.

"சர்க்காரோட விளையாடறீங்களா?"

"இல்லீங்க சாமி. புழுக்கையும் மண்ணும் உங்க மிசினுக்கு வித்தியாசம் தெரியுதான்னு பாத்தனுங்க. போன தடவ வந்த சீட்டப் பாத்து ஒரு சந்தேகமுங்க."

அக்கம்பக்கத்தில் வாங்கி வைத்திருந்த ஒன்பது சீட்டையும் படல்மேல் வரிசையாகச் செருகினாள். அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கச் சிவப்பையும் அந்தப் பக்கக் கறுப்பையும் பார்த்தார். பிறகு கிட்டுசாமியைப் பார்த்தார். கிட்டுசாமி ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

மருதாளுக்கு இரக்கம் வந்துவிட்டது. "தம்பியையும் சொல்லிக் குத்தமில்லீங்க. அம்பது காடு நடந்தா செருப்பு தாங்குமுங்களா?"

"தாங்குதான்னு இன்னிக்கே பாத்துடலாம்" என்றார் அதிகாரி.

கிட்டுசாமி காட்டில் இறங்கினான். வரப்போரம், மரநிழல், எருக்குப்பை கிடந்த இடம் எல்லாவற்றையும் விட்டு, பத்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மண்ணைச் சீவி எடுத்தான். சாக்கில் கொட்டிக் கலந்து, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு ரெண்டைத் தள்ளினான். அரைப்படி மிஞ்சும்வரை அப்படியே செய்தான். மருதாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஊர் முழுக்க முடிக்க அவனுக்கு ஒன்பது நாள் பிடித்தது.

இந்தத் தடவை ஒரு சீட்டுப்போல இன்னொரு சீட்டு இல்லை. மருதாள் காட்டில் சாம்பல் சத்துப் போதும், மணிச்சத்து அடியோடு இல்லை. பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழு, சோளத்துக்கு அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் போடு என்று எழுதியிருந்தது. மஞ்சளாகப் பூத்து நின்ற சணப்பையை அவள் உழுதபோது, வரப்பில் நின்று பார்த்த பக்கத்துக் காட்டுக் காளியாத்தாளுக்கு மனசு ஆறவில்லை.

"பூத்த பயிரப் போயி ஆராச்சும் உழுவாங்களா?"

"மண்ணுக்குப் பசிக்குதாமா அக்கா" என்றாள் மருதாள்.

அந்த வருஷச் சோளக் கதிரைக் கன்னையன் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான். களைக்கொத்து எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதிரைத் திருப்பிக் கொடுத்தான்.

ஈஸ்வரமூர்த்திக்குத்தான் தூக்கம் போயிற்று. அவர் கரிசலில் களர் உப்பு ஏறியிருக்கிறது, ஜிப்சம் போடு என்று வந்திருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு மருதாளிடம் வந்தார்.

"அம்மிணி, சீட்டு மாறிப்போச்சாட்ட இருக்குது. உன்றது எங்கிட்ட வந்திருச்சு."

"இருக்குமுங்க மாமா, மாத்திக்கலாமுங்க. சீட்ட மட்டும் மாத்தினாப் போதுங்களா, காட்டையும் சேத்து மாத்திக்கலாமுங்களா?"

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சித்திரையில், ஊரே தேர் பார்க்க அவினாசிக்குப் போயிருந்த நாளில், அவர் காட்டில் ரெண்டு வண்டி வெள்ளைத் தூள் இறங்கியது. கேட்டவர்களிடம், வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு என்றார். மருதாள் கூடையோடு போய், இறைக்க ஒத்தாசை செய்தாள். பாதிக் காடு முடிந்ததும் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏக்கருக்கு எத்தன மூட்ட சுண்ணாம்புங்க மாமா?"

"இருவதுன்னு சீட்டுல போட்டிருக்குது" என்றார் ஈஸ்வரமூர்த்தி.