இடது கையில் முப்பது நூல்

தாய்லாந்தின் நோங் கூங் ஊரில் புவாலையின் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் அவளுடைய நாத்தனார் லம்துவன். மற்ற எல்லோரும், அவள் புருஷன் கம்பூன் உட்பட, பயந்தவர்கள்தான்.

கம்பூன் கரும்பு லாரி ஓட்டியவன். இடுப்பு வலிக்கு ஊர்க்கடையில் பொட்டலமாகக் கட்டித் தருகிற கலப்பு மாத்திரைகளை வருஷக்கணக்கில் வேர்க்கடலை மாதிரி விழுங்கினான். ரத்தக் கொதிப்பு இருந்தது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பிரியப்படவும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் முகம் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் போய் விழுந்தபோது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. கழுத்தில் குழாய் செருகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள்.

அன்றிலிருந்து புவாலைக்கு வயல் வேலையோடு இன்னொரு வேலையும் சேர்ந்தது. காலையில் அவனை எடை மெஷினில் ஏற்றுவாள். உடம்பில் தண்ணீர் சேர்ந்து முள் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்தால் வீடு ரெண்டாகும். உப்பு ஊறிய மீன் ஜாடியை லம்துவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். டாக்டர் சொன்னபடி கீரையை வேகவைத்து, அதன் சத்து இறங்கிய தண்ணீரைக் கொட்டினாள். தாகம் என்றால் ஒரே ஒரு ஐஸ்கட்டி.

"ஜெயில்லகூட தண்ணி குடுப்பாங்கடி."

"ஜெயில்ல இருக்கிறவனுக்கு மூத்திரம் போகுதே! உனக்குப் போகுதா?"

கம்பூன் ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொள்வான்.

அவளை நிஜமாகப் பயமுறுத்தியது அந்தக் கழுத்துக் குழாய்தான். இரண்டு தடவை அதன் வழியாகக் கிருமி ஏறி, கட்டில் ஆட ஆட அவன் குளிரில் நடுங்கினான். இன்னொரு தடவை வந்தால் தாங்குவானா என்பது சந்தேகம் என்றார் டாக்டர். அதற்காகத்தான் இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார்கள். இரண்டு மாதத்தில் அது பருத்துவிட்டால் ஊசியை அங்கேயே ஏற்றலாம், கழுத்துக் குழாயைப் பிடுங்கிவிடலாம்.

நர்ஸ் விபா புவாலையின் விரலைப் பிடித்துத் தழும்பின் மேல் வைத்தாள்.

"குறுகுறுன்னு ஓடுதா அக்கா? தினம் தொட்டுப் பாருங்க. குறைஞ்சா உடனே ஓடி வந்துடணும். இந்தக் கையில வாட்ச் கூடாது, பிரஷர் பட்டை கூடாது, பை மாட்டக் கூடாது."

புவாலை தினம் மூன்று வேளை தொட்டுப் பார்த்தாள். தூங்குகிற பூனையின் வயிறு மாதிரி அது குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதத்தில் அது பருத்தது. வருகிற திங்கட்கிழமை அந்தக் கையில் முதல் ஊசி என்று முடிவானது. லம்துவன் வந்து நின்றாள்.

"கத்தியக் கண்டு தம்பியோட உயிரு பயந்து எங்கயோ ஓடிப்போயிருக்கு. அதக் கூப்பிட்டு உள்ள வைக்காம ஊசி போட விடமாட்டேன்."

இதில் புவாலைக்கும் மறுப்பில்லை. சனிக்கிழமை உயிரைக் கூப்பிடும் சடங்குக்கு வாழையிலைக் கூம்பு எழுந்தது, அவித்த முட்டை வந்தது, ஊரே கூடியது. புவாலை காவல்காரி மாதிரி நின்று, "இடது கையப் பிடிச்சு இழுக்காதீங்க!" என்று வருகிறவர்களை எல்லாம் விரட்டினாள். அப்புறம், வந்த உயிரைக் கட்டி நிறுத்துகிற வெள்ளை நூலை எடுத்து, முதல் ஆளாக, அந்த இடது மணிக்கட்டிலேயே கட்டினாள். வாட்ச் என்றால் பொருள், நூல் ஆசிதானே? ஆசி இறுக்கும் என்று அந்த ஊரில் யாருக்குத்தான் தோன்றும்? அவளுக்குப் பின்னால் ஊரும் கட்டியது. அந்த ஒரு கையில் மட்டும் முப்பது நூல் தேறும்.

ஞாயிறு காலை விரலை வைத்தாள். நூலெல்லாம் அவன் கைகழுவிய தண்ணீரில் நனைந்து, சுருங்கி, சதைக்குள் பதிந்திருந்தது. குறுகுறுப்பைத் தேட வேண்டியிருந்தது. எங்கோ ஆழத்தில், மெலிசாக. கத்தரிக்கோலைத் தேடி ஓடினாள்.

சடங்கில் மிஞ்சிய முட்டையை எடுத்துப்போக வந்திருந்த லம்துவன் குறுக்கே விழுந்தாள்.

"மூணு நாளைக்கு நூல அவுக்கக் கூடாதுடி! அதுவும் கத்தரிக்கோலா? உயிரையே அறுக்கப் போறியா?"

புவாலையும் அந்த ஊர்க்காரிதான். கத்தரிக்கோல் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. முடிச்சை நகத்தால் நெம்பினாள். ஊறிப்போன நூல் அசையவில்லை. கம்பூன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

புவாலை நாத்தனாரின் விரலை வெடுக்கென்று பிடித்து அவன் கையில் அழுத்தினாள்.

"தொட்டுப் பாருக்கா. நீ கூப்பிட்ட உயிரு இதுல ஓடுது. நேத்து எப்படித் துள்ளுச்சு தெரியுமா? இப்ப மூச்சுத் திணறுது. இது நின்னா மறுபடியும் கழுத்துக் குழாய்தான்."

லம்துவன் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். முகம் வெளுத்தது. சட்டென்று குனிந்து முதல் முடிச்சைப் பல்லால் கவ்வினாள்.

"என்னக்கா பண்ற!" என்று அலறினான் கம்பூன்.

"சும்மா இருடா. இரும்புதான் ஆகாது. பல்லு ஆகும்."

அவளுக்கு ஆடாமல் மிச்சம் இருந்தவையே நாலைந்து பற்கள். அதை வைத்துக்கொண்டு கடித்தாள், துப்பினாள், ஒவ்வொரு முடிச்சுக்கும் "போகாதே, இரு, இரு" என்று உயிரிடம் கெஞ்சினாள். மறுபக்கத்திலிருந்து புவாலை கடித்தாள். பத்து வருஷமாகச் சரியாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் ஒரே கையில் முட்டிக்கொண்டார்கள். கடைசி நூல் அவிழ்ந்து கொஞ்ச நேரத்தில் குறுகுறுப்பு பலமாக ஏறி வந்தது. இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பிக்கப்பில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

விபா காதுக்குழல் வைத்துக் கேட்டாள். டாக்டர் ஸ்கேன் எடுத்து, ரத்தம் ஓடுகிறது, அடைப்பு இல்லை என்றார்.

"யாரு கட்டினது?" என்றாள் விபா, நூல் பதிந்த தடத்தைப் பார்த்து.

"நான்தான் மொதல்ல கட்டினேன்," என்றாள் புவாலை. லம்துவன் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பழி தன் தலையில் விழும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"இனிமே வலது கையில கட்டுங்க. அதுவும் தளர்வா. உயிரு அந்த வழியா வராதா?"

"வரும், வரும்," என்றாள் லம்துவன் அவசரமாக.

திங்கட்கிழமை ஊசி ஏறியது. மூன்று வாரம் தடையில்லாமல் ஏறிய பிறகு கழுத்துக் குழாயை எடுத்தார்கள். காயம் ஆறியதும் கம்பூன் முற்றத்துத் தொட்டிக்குப் போனான். குழாய் நனையக் கூடாது என்று ஏழு மாதமாகப் புவாலை ஈரத்துணியால்தான் அவனைத் துடைத்துவிட்டிருந்தாள். முதல் குடுவைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். அதைப் பார்த்த புவாலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திட்ட ஒன்றும் கிடைக்காமல், குடுவையை அவன் கையிலிருந்து பிடுங்கி, அவளே ஊற்றினாள்.