அண்ணி கலந்த அன்னாசித் தண்ணீர்

அண்ணி, என் அண்ணி. நீங்கள் போய் இன்றைக்கு முப்பத்தொரு நாள். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது இன்னும் வாய் தவறி உங்களைக் கூப்பிட்டுவிடுகிறேன். அடுப்படியிலிருந்து சத்தம் வராதபோதுதான் நினைவு வருகிறது. எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷப் படிப்புதான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலாயாவில் குளுவாங் டவுனிலிருந்து நாலு மைல் தள்ளி எங்கள் ரப்பர்த் தோட்டம். அண்ணன் கல்யாணம் முடித்து அண்ணியை அழைத்து வந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார்கள். லயத்து வரிசை வீட்டில் அண்ணனும் நானும்தான். அண்ணி வந்த மறுநாளே என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பேன் பார்த்தார். "இத்தன நாளா தலையில ஆடு மேச்சியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் பின்னாலேயே சுற்றினேன்.

அண்ணன் நல்லவர். மரத்துக்குக் காயம் படாமல் பால் வெட்டுவார். ஆனால் மத்தியானம் பாலை ஊற்றிக் கொடுத்ததும் கால் தானாகக் கள்ளுக்கடைக்குப் போகும். வந்து அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். ஒரு மூலையில் உட்கார்ந்து, செத்துப்போன அம்மாவைச் சொல்லி அழுவார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அண்ணி ஒரு தரம் என்னிடம் சொன்னார்.

அண்ணிக்குப் பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் அவனுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. மருந்து கொடுத்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், இனி ஆண்டவர் விட்ட வழி என்று சொல்லிவிட்டார். அண்ணன் மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால், பாஸ்குவுக்கு முன்னால் வருகிற தபசுகாலம் நாற்பது நாளும் கள்ளைத் தொடமாட்டேன் என்றார். பிள்ளை பிழைத்தான். தபசு தொடங்குகிற விபூதிப் புதனும் வந்தது.

நேர்ந்துகொண்டது அண்ணன், பாடுபட்டது அண்ணி. மத்தியானம் ஆனால் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டுக்குள் நடப்பார், வெளியே வருவார், மறுபடி உள்ளே போவார். தண்ணீர் கொடுத்தால் தொண்டையில் இறங்கவில்லை என்பார். கள்ளுக்குப் பதிலாக நாக்குக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அண்ணி யோசித்தார்.

பக்கத்துச் சீனர் கொல்லையில் அன்னாசி கிடைக்கும். நன்றாகப் பழுத்ததை முகர்ந்து பார்த்து எடுப்பார். தோலைச் சீவி, கண்ணெல்லாம் நோண்டி எடுத்து, உரலில் போட்டு இடித்து, பழைய வேட்டித் துணியில் பிழிவார். அதில் இளநீர், கொஞ்சம் தேங்காய்ப் பால், மலாய்க்காரர்கள் லீமாவ் என்கிற குட்டி எலுமிச்சையில் நாலைந்து. குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லத்தை, வாசனைக்குப் பாண்டான் இலையோடு காய்ச்சி ஆறவைத்த பாகு. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. உப்பை மறந்தால் சப்பென்று போய்விடும். மங்கு போணிப் பாத்திரத்தில் அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்து, நுரை அடங்குவதற்குள் அண்ணன் கையில் கொடுப்பார். முதல் நாள் அண்ணன் முகத்தைச் சுளித்தார். நாலாம் நாள் அவரே உரலைக் கழுவி வைத்தார்.

தபசுகாலம் கடைசி வாரம் வரை தாண்டிவிட்டோம். குருத்து ஞாயிறு அன்று எல்லோரும் குளுவாங் கோவிலுக்குப் பூசை காணப் போக வேண்டும். போக நாலு மைல், வர நாலு மைல், வெயில். அக்கம்பக்கத்து வீட்டாரும் கூட வருவார்கள். திரும்பி வந்ததும் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று அண்ணி சனிக்கிழமை மத்தியானமே நிறையக் கலந்தார். போணி போதவில்லை. முன்பு அண்ணன் பண்டிகைக்குக் கள்ளு வாங்கி வருகிற மண் முட்டி ஒன்று கிடந்தது. அதைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினார். மண் பாத்திரம் குளிர்ச்சியாக வைக்கும் என்று அதில் ஊற்றித் துணியால் வாய் கட்டினார். நானும்தான் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் கையில் குருத்தோலையோடு வேர்த்து விறுவிறுத்து வந்தோம். முதல் குவளை அண்ணனுக்கு. தாகத்தில் ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு அப்படியே நின்றார்.

"இத எப்ப கலந்த புள்ள?"

"நேத்து மத்தியானம்."

"இது கள்ளு."

அண்ணி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவர் வாழ்நாளில் கள்ளை ருசி பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாங்கி ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார். "அலமாக், கடைக்குப் போகாதேன்னு சொல்லிட்டு, கடையவே வீட்டுக்குக் கொண்டாந்துட்டியே தங்கச்சி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்காவின் புருஷன் மூன்று குவளை குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அந்த முட்டி மண்ணில் ஊறியிருந்த பழைய கள்ளு எத்தனை சாம்பல் போட்டாலும் போகாது, ஊற்றியதைப் புளிக்க வைத்துவிடும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணி இப்போது சிரிக்கவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போனபிறகு அண்ணன் பக்கத்தில் வந்து, தெரியாமல் குடித்ததற்கு மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சமாதானம் சொன்னார்.

"உங்க நாக்குக்குத் தெரிஞ்சுச்சில்ல," என்றார் அண்ணி. "புள்ள உசுருங்க இது. இன்னையிலருந்து மறுபடி நாப்பது நாள் எண்ணுவோம். தப்பு என்னுது. நானும் மத்தியானம் சாப்பிடாம இருக்கேன்."

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அன்றைக்குக் கடைக்கு வருவதாக அண்ணன் கூட்டாளிகளிடம் சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியும். தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "சரி, எண்ணு," என்றார். அண்ணி முட்டியைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டு உடைத்தார்.

பாஸ்கு அன்று லயம் முழுக்க ஆட்டம். கூட்டாளிகள் வாசலில் வந்து நின்றார்கள். "ஆண்டவரே எந்திரிச்சு வந்துட்டாரு, நீ இன்னும் கல்லறையிலயே கெடக்குறியே மச்சான்," என்று ஒருவர் கூப்பிட்டார். அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, "எனக்கு இன்னும் முப்பத்து மூணு நாள் இருக்குடா," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அன்று பூசை முடிந்ததும் குளுவாங்கிலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டியைச் சைக்கிளில் வைத்து மிதித்துக் கொண்டுவந்திருந்தார். வரும்போதே பாதி கரைந்துவிட்டது. மீதியைச் சாக்கில் சுற்றி உலக்கையால் இடித்தோம். பிள்ளை உதட்டில் ஒரு சில்லை வைத்தார் அண்ணி. அவன் முகம் கோணியதைப் பார்த்து அண்ணி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வீட்டில் நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

நாற்பது நாள் முடிந்தது. நாற்பத்தோராம் நாளும் அண்ணன் போகவில்லை. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்று அண்ணி என் கையைக் கிள்ளினார். அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் அண்ணிக்குக் காய்ச்சல். நாலே நாள். குழி வெட்டியவர்களுக்கு வழக்கப்படி கள்ளு வந்தபோது அண்ணன் கையிலும் ஒரு குவளையைத் திணித்தார்கள். அதைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். நேற்று அவரே என்னிடம் சொன்னார்: "கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன் தங்கச்சி. நாளைக்கு எப்படின்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. ஆனால் அண்ணி மோட்சத்தில் அமைதியாக இருந்தால் அண்ணனை அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன். அதனால் இதைப் படிக்கிறவர்கள், எங்கள் வேதமோ வேறு வேதமோ, என் அண்ணியின் ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் மாதாவை வேண்டி ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுங்கள். தெரியாதவர்கள் உங்களுக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்லுங்கள்.