சீட்டை நகர்த்தாதவர்

மந்தைவெளியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். பழைய டீசல் பிக்கப் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை என்று நொச்சிக்குப்பத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மீன் ஏற்றுகிற வண்டி. அதன் சொந்தக்காரர் ஒரு குள்ளமான பெரியவர். பேசும்போதெல்லாம் தோள் துண்டால் வண்டிக் கதவைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெகுநாள் சும்மா நின்றதில் டீசல் குழாய் வெடிப்பு விட்டிருந்தது. காற்று புகுந்ததால் பம்புக்கு டீசல் ஏறவில்லை. குழாயை மாற்றி, கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அவரைச் சாவி போடச் சொன்னேன். இருமிக்கொண்டே இன்ஜின் பிடித்தது.

"ஆக்சிலேட்டர மிதி நைனா, ஆஃப் ஆயிடும்!"

சீட்டின் நுனிக்கு நகர்ந்தும் அவருக்குக் கால் எட்டவில்லை. இன்ஜின் நின்றுபோனது. எனக்கு எரிச்சல்.

"சீட்ட முன்னால இஸ்துக்கினா இன்னா? லீவர் அடியிலதான் கீது."

"வேணா தம்பி. எம் புள்ள நல்ல உசரம். அவன் ஒக்காந்த அளவு இது." கதவைத் துடைத்தார். "காய்ச்சல்ல பூட்டான். அப்பால யாரும் இத எடுக்கல."

நான் பானெட்டை மூடினேன்.

"நீ ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு" என்றார்.

நானும் குள்ளம்தான். ஏறி உட்கார்ந்ததும் பழக்கத்தில் கை லீவருக்குப் போனது. அவர் துண்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துக்கொண்டேன்.

சீட்டின் நுனியில் உட்கார்ந்தே கலங்கரை விளக்கம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு இடம் காலியாக இருந்தது.