கப்டனின் அப்பா

மொன்றியலை அடுத்த லொங்குய்ய் நகரில், என் அலுவலகத்தில் எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். கனடாக் கடதாசிகளில் அதுதான் என் குடும்பப் பெயர். ஒரு மீசைக்கார மனிதரின் பெயருக்கு முன்னால், பிரெஞ்சில் அம்மணி என்பதுபோல "மதாம்" போட்டால் எரிச்சல் வராதா? அந்த மனிதர் மன்னாரில் அடக்கமாகி வருடங்கள் ஆகியிருந்தன.

பக்கத்து மேசைக்காரிக்கு வேறு தலையிடி. அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன், வேல்ஸ் நாட்டுக் கடலோர மாவட்டமொன்றிலிருந்து மொன்றியலுக்கு வந்த கப்பல் கப்டன். அந்தக் கப்டனின் அப்பாவைத்தான் காணவில்லை. மாவட்டத்துக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவுகளின் பிரதிகளை வருடக்கணக்காகக் கிளறியும், அதே குடும்பப் பெயரோடு ஒருத்தரும் அகப்படவில்லை. வேல்ஸுக்கு விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். எந்த ஊரில், எந்தக் கல்லறையில் பூ வைப்பது என்றுதான் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பிரதிக் கட்டோடு அழாத குறையாக வந்தாள். மீன் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டு நான் கட்டைப் புரட்டினேன். ஒரு ஞானஸ்நானப் பதிவைக் குறுக்கே வெட்டியிருந்தாள். கப்டனின் முதற்பெயர், பிறந்த திகதி எல்லாம் சரி.

"இதை ஏன் வெட்டினாய்?"

"தகப்பனின் குடும்பப் பெயர் வேறு. அப்படியென்றால் ஆளும் வேறு."

தகப்பனின் முதற்பெயரைப் பார்த்தேன். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அதுதான் கப்டனின் குடும்பப் பெயர்!

"அடி விசரி, இவர்கள் எங்கள் ஆட்கள்! அப்பாவின் பெயரைத் தங்கள் பெயரோடு போட்டுக்கொள்கிறவர்கள். கப்டனின் அப்பாவின் பெயருக்குப் பின்னால் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். கூச்சல் போட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். இருவரும் கைகோத்துக் கதிரைகளைச் சுற்றி ஆடினோம். குளித்துக்கொண்டிருந்த கணவர் துவாயோடு ஓடிவந்தார்.

"என்னப்பா, லொத்தர் விழுந்திட்டுதோ?"

"ஓம், அப்பா கிடைச்சிட்டார்!"

"ஆரின்ரை அப்பா?"

தரையில் குந்தியிருந்து சிரித்தோம்.

அந்தப் பதிவில் இருந்த ஊருக்கே போனாள். கடலோரக் கல்லறையில் நின்று, கொட்டும் மழையில் எனக்குப் போன் எடுத்தாள்.

"இருக்கிறார்! பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன். இவரை யாரும் கூப்பிட்டு எவ்வளவு காலமோ."

அடுத்த நாள் அலுவலகத்தில் மனேஜர் தூரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். வழக்கம்போல "மதாம்", வழக்கம்போல அப்பாவின் பெயர், பிரெஞ்சு வாயில் கசங்கியபடி. எரிச்சல் வரவே இல்லை. மன்னாரில்கூட இப்போது இப்படி நாள்தோறும் அவரைக் கூப்பிட ஆளில்லை.

"ஓம்!" என்று எழும்பி நின்றேன்.