மச்சான் என்று கூப்பிடாதே

விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றி வந்த பஸ் பாலைவனத்தின் நடுவே ஒரு தொழிலாளர் முகாமின் வாசலில் நின்றது. அங்கே எனக்காகக் காத்திருந்தவர் என் அக்காவின் கணவர். லுணுகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே "மாப்ள, டீ இருக்கா?" என்று குரல் கொடுக்கிற மனுஷன். ஆயிரம் மைல் தாண்டி ஒரு சொந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் "மச்சான்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். நீட்டிய என் கையை அவர் பிடிக்கவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இங்க என்னய மச்சான்னு கூப்பிடாத. போர்மேன்னு கூப்பிடு. ஒறவெல்லாம் ஊர்ல." அந்தப் பேச்சை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வயதானால் மனம் இளகும் என்கிறார்கள். எனக்கு இளகவில்லை.

அதற்கு முன் நான் எல்ல என்ற மலையூரில் வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் ஒரு விடுதியின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மச்சான் பல வருடமாக எண்ணெய் வயலில் இருந்தார். தோட்டத்துக்கு வெளியே காணி வாங்கி, கல்வீடு கட்டி, அதற்கு மேல்மாடிக்கும் தூண் எழுப்பியிருந்தார். அக்காதான் அவரை நச்சரித்து எனக்கு விசா எடுக்க வைத்தாள். "நம்ம ஆளு அங்க இருக்கையில ஒனக்கு என்னடா பயம்?" என்று சொல்லி அனுப்பினாள். நானும் அதை நம்பித்தான் போனேன்.

எண்ணெய் வயல் என்றால் எண்ணெய் ஊற்றெடுத்துப் பீறிடும் என்று நினைத்திருந்தேன். நான் இருந்த காலம் முழுக்க ஒரு சொட்டு எண்ணெயைக் கண்ணால் காணவில்லை. கிணறு தோண்டும் இயந்திரத்தைச் சுற்றியுள்ள வெளியில் இரும்புக் குழாய் சுமப்பதும், சேறு கழுவுவதும், பெயின்ட் அடிப்பதும், கிரேன் தூக்கும் சுமை ஆடாமல் கயிற்றால் பிடித்துக்கொள்வதும்தான் எங்கள் குழுவின் வேலை. புதிதாக வந்தவன் பச்சை ஹெல்மெட் போட வேண்டும். அவன்மேல் கண் வைத்துக்கொள்வதற்காக என்று சொன்னார்கள். உண்மையில் யாரை ஏசலாம் என்று எல்லாருக்கும் தெரிவதற்குத்தான் அது பயன்பட்டது. காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைப் பார்த்தபோது தோட்டத்துப் பெரட்டுக்களம்தான் ஞாபகம் வந்தது. மச்சானின் அப்பா எங்கள் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். பெண்கள் தாமதமாக வந்தால் பெரட்டில் வைத்து அவர் ஏசும் ஏச்சு மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதே குரலை நான் அந்த மணலில் மறுபடியும் கேட்டேன்.

தினமும் காலையில் ஒரு விதியை வாசித்துக் காட்டுவார்கள். ஆபத்து என்று தோன்றினால், எவ்வளவு சின்ன ஆளாக இருந்தாலும் கையை உயர்த்தி வேலையை நிறுத்தலாம். அதற்காக யாரும் அவனைத் தண்டிக்கக் கூடாது. முதல் நாள் மச்சான் இதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் செவத்துல ஒட்டுறதுக்கு எழுதுனது. நீ பாட்டுக்குக் கையத் தூக்கிக்கிட்டு நிக்காத" என்றார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் குழாய் நீட்டும் மெஷினை வாங்கிவா என்று என்னை அனுப்பினார். ஒரு கொட்டகைக்குப் போனேன். அடுத்த கொட்டகைக்குப் போகச் சொன்னார்கள். அங்கிருந்து இன்னொன்றுக்கு. வெயில் பூட்ஸுக்குள் இறங்கி உள்ளங்காலைச் சுட்டது. வாய் வறண்டு வெறுங்கையோடு திரும்பினால், மொத்தக் குழுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்படி ஒரு மெஷினே உலகத்தில் கிடையாது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் மச்சான். "எனக்கும் இதே மாதிரிதான் செஞ்சாங்க" என்றார். தான் பட்ட அவமானத்தை எவன் தலையில் இறக்கலாம் என்று இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் என்று தோன்றியது. அன்று இரவு அக்கா போனில், "மச்சான் நல்லா பாத்துக்கிறாரா?" என்று கேட்டாள். போனைப் பிடித்திருந்தவரே அவர்தான். "நல்லா பாத்துக்கிறாருக்கா" என்றேன்.

பிறகு அந்த நாள் வந்தது. மணற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கிணற்றுக்கு அவசரமாகக் குழாய் வேண்டும் என்று மேலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். குழாய்க்கட்டைச் சுற்றிப் போடும் இரும்புக் கம்பிக்கயிறு, கொக்கி மாட்டும் இடத்தில் பிரிந்து, அறுந்த இழைகள் சிலிர்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். சுமை போய் இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு நேபாளிகள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். "போர்மேன், கம்பி பிஞ்சிருக்கு" என்றேன். "நீ கயித்தப் பிடி" என்றார். மறுபடியும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, தூக்கு என்று கிரேன்காரருக்குச் சைகை காட்டினார். கட்டு தரையைவிட்டு எழும்பியது. நான் கையை உயர்த்தினேன்.

கிரேன் நின்றது. மேலே படிக்கட்டில் நின்ற பெரிய அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்து, சுமையை மெல்லத் தரையில் வைக்கச் சொல்லி, கம்பிக்கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். காலையில் இதைச் சோதித்தாயா என்று மச்சானிடம் கேட்டார். சில நாளில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டி கட்டும்போது முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்து, "ஒன் அக்கா வயித்துல அடிச்சிட்டடா" என்றார்.

சுமை விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. அதுதான் எனக்கு வினையாகிவிட்டது. விழுந்திருந்தால் நான் நல்லவன். விழாததால் சொந்த மச்சானின் சோற்றில் மண்ணைப் போட்டவன். "என்ன ஆச்சு? ஒன்னும் ஆகலையே" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். குழுவில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. யார் தலைக்கு மேல் அந்தக் கட்டு தொங்கியிருக்குமோ அந்த நேபாளிகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மச்சானுக்குப் பதில் வரப்போகிறவன் எப்படிப்பட்டவனோ என்ற பயம் அவர்களுக்கு.

ஒப்பந்தம் முடிந்து நான் ஊர் திரும்பியபோது மச்சான் லுணுகலையில் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடிக்கு எழுப்பிய தூண்களில் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, "கையத் தூக்குனவரு வாராரு" என்பார். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்கு முன்னால் அவருடைய ஓட்டோ போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: அந்தக் கம்பியை அவர் பார்த்தாரா, இல்லையா? பார்க்கவில்லை என்றால் அவர் வெறும் முரடர். பார்த்திருந்தால்?

போன மாதம் அக்காவின் மூத்த மகன் அதே மாதிரி ஒரு எண்ணெய் வயலுக்குப் புறப்பட்டான். "மாமா, நீங்களும் வாங்க" என்று அவனே போன் பண்ணியதால் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கொழும்பு பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகனிடம், எனக்கும் கேட்க வேண்டுமென்றே மச்சான் உரத்துச் சொன்னார்: "போர்மேன் சொல்றத மட்டும் கேளு. கையத் தூக்குற வேலையெல்லாம் நமக்கு வேணாம்." பஸ் புறப்பட்டது.

அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, பல வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "தம்பி, அன்னைக்கு அந்தக் கம்பி நெசமாவே பிஞ்சிருந்துச்சா?"

"ஆமாக்கா."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களா?"

ஓட்டோவை நோக்கி நடந்தவர் நின்றார். அக்காவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் கத்தினார். "பாத்தேன்! அதுக்கு என்ன இப்ப? அதுக்கு முந்தி எத்தன தடவ அப்பிடியே தூக்கியிருக்கோம்? ஒன்னும் ஆகலையே!"

"அடியில எம்புள்ள நின்னா?" என்றாள் அக்கா.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். அவர் ஓட்டோவில் ஏறி, அவளைக் கூப்பிடாமலே கிளம்பிப் போனார். இத்தனை காலம் எந்தப் பதிலுக்காகக் காத்திருந்தேனோ அது என் காதில் விழுந்துவிட்டது. எனக்கு ஆறுதலாக இல்லை. கோபம் இன்னும் கூடியது.

அக்கா கைபேசியை எடுத்தாள். "டேய், அம்மா பேசுறேன். அப்பா சொன்னதக் காதுல போட்டுக்காத. பயமா எதையாவது பாத்தீன்னா கையத் தூக்கிரு. வேல போனா போகட்டும், நீ வீட்டுக்கு வா."

லுணுகலை பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். பஸ் வந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவள் முதலில் ஏறினாள். நான் ஏறிப் பார்த்தபோது, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள்.